வெடிபொருள் பெட்டிக்கும் அடையாள எண்: ராணுவ விநியோகத்தைக் கண்காணிக்கும் சென்சார்கள் செயல்படுவது எப்படி?

மகாராஷ்டிர மாநிலம் புணே அருகே உள்ள காட்கி வெடிபொருள் தொழிற்சாலையிலிருந்து 2022-ஆம் ஆண்டு மூன்று லாரிகள் புறப்பட்டன. 5.56 மி.மீ. துப்பாக்கித் தோட்டாக்களை ஏற்றிய அந்த லாரிகள், வார்தா மாவட்டம் புல்காவில் உள்ள மத்திய வெடிபொருள் கிடங்குக்குச் சென்றன. பல ஆண்டுகளாக நடந்து வரும் வழக்கமான சரக்குப் போக்குவரத்துதான் அது. ஆனால், அந்தத் தோட்டாக்கள் ரேடியோ அலை மூலம் அடையாளம் காணும் 'ஆர்எஃப்ஐடி' பட்டைகளுடன் அனுப்பப்பட்டிருந்தன. இந்திய ராணுவத்துக்கு இவ்வாறு அனுப்பப்பட்ட முதல் வெடிபொருள் சரக்கு அதுவே. ராணுவத்தின் தளவாடச் சேவைகள் இயக்குநரகமும், பொதுத் துறை நிறுவனமான மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டும் இணைந்து இதைச் செயல்படுத்தின.

பாதுகாப்புத் துறை சார்ந்த செய்திகளில் ஏவுகணைச் சோதனைக்கும் போர் விமானக் கொள்முதலுக்கும் கிடைக்கும் இடம், ஒரு பெட்டியில் ஒட்டப்படும் பட்டைக்குக் கிடைப்பதில்லை. எனினும், எல்லையில் நிற்கும் வீரரின் கையில் உள்ள தோட்டா எந்த ஆண்டு தயாரானது, எத்தனை கோடைகளைக் கிடங்கில் கழித்தது, நம்பிச் சுடத் தகுந்ததா என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பட்டையில்தான் தொடங்குகிறது.

எண்ணிக்கையைவிட முக்கியமான 'லாட்'

வெடிபொருள்களைப் பொருத்தவரை, எத்தனை குண்டுகள் இருப்பில் உள்ளன என்பது பாதிக் கணக்கு மட்டுமே. அவை எந்த 'லாட்', அதாவது எந்த உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தவை என்பது மறுபாதி. ஒரே மூலப்பொருள், ஒரே இயந்திரம், ஒரே காலகட்டம் ஆகியவற்றில் தயாரானவை ஒரு தொகுதியாகக் கொள்ளப்படுகின்றன. பீரங்கிப் படையினர் இயன்றவரை ஒரே தொகுதியைச் சேர்ந்த உந்துபொருளைப் பயன்படுத்தவே விரும்புவர். தொகுதி மாறினால் குண்டு வெளியேறும் வேகம் சிறிதளவு மாறும். பல கிலோமீட்டருக்கு அப்பால் குண்டு விழும் இடம் அதற்கேற்ப விலகிவிடும்.

துப்பாக்கிச் சுடும் பயிற்சியிலோ பீரங்கிப் பயிற்சியிலோ ஒரு குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். விசாரணை முடியும் வரை அந்தத் தொகுதி முழுவதையும் பயன்பாட்டிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். அதே தொகுதியின் பெட்டிகள் ஒன்று ராஜஸ்தான் பாலைவனத்திலும், மற்றொன்று அருணாசல மலையிலும், வேறொன்று ரயில் பெட்டியிலும் இருக்கலாம். அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கிடங்குக்கும் செய்தி அனுப்பி, பேரேட்டையும், அடுக்குகளில் தொங்கும் இருப்பு அட்டைகளையும் புரட்டி, பெட்டியின் மேல் அச்சிட்ட எழுத்துகளைக் கண்ணால் படித்துச் சரிபார்ப்பதே நெடுங்கால நடைமுறை. இதற்கு ஆகும் ஒவ்வொரு நாளும், சந்தேகத்துக்குரிய குண்டு ஒன்று எங்கோ ஓர் அணியிடம் இருக்கிறது என்றே பொருள்.

ராணுவ தளவாடப் பிரிவு தனது இருப்புக் கணக்கைக் கணினிமயமாக்கும் திட்டத்தை முன்பே தொடங்கிவிட்டது. விமானப் படைக்கும் கடற்படைக்கும் தனித்தனி இருப்பு மேலாண்மை மென்பொருள்கள் உள்ளன. ஆயினும், கணினியில் உள்ள எண்ணும் கிடங்கில் உள்ள பெட்டியும் பொருந்துகின்றனவா என்பதை மனிதரே சென்று பார்க்க வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் விசைப்பலகையில் தட்டும்போது நேரும் பிழை, அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பு வரை அப்படியே நீடிக்கும். பெட்டியே தன் எண்ணைச் சொல்லும் ஏற்பாடு இந்த இடைவெளியைக் குறைக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம். பட்டைகளும் சென்சார்களும் இல்லாத குண்டை உருவாக்கித் தருவதில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) 2017-இல் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்த அறிக்கை, ஆய்வுக்கு உள்ளான 152 வகை வெடிபொருள்களில் 61 வகைகளின் இருப்பு, 2016 செப்டம்பர் நிலவரப்படி 10 நாள் போருக்குக்கூடப் போதாது எனச் சுட்டிக்காட்டியது. 40 நாள் போருக்கான இருப்பு 31 வகைகளில் மட்டுமே இருந்தது. அது கொள்முதல், உற்பத்தி ஆகியவற்றின் குறைபாடு. கண்காணிப்புத் தொழில்நுட்பத்தால் அதைத் தீர்க்க இயலாது. இருப்பதை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளவும், பற்றாக்குறையை முன்கூட்டியே காட்டவும் மட்டுமே அதனால் முடியும்.

ஃபாஸ்டேகின் உறவினர்

சுங்கச்சாவடியைக் கடக்கும் எவரும் இத்தொழில்நுட்பத்தை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். காரின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் ஃபாஸ்டேக், ஒரு சில்லும் ஓர் ஆன்டெனாவும் கொண்ட ஆர்எஃப்ஐடி பட்டைதான். அதில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியில் உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிறிதளவு மின்சாரத்தைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் மௌனமாக இருக்கும். இந்தியாவில் இதற்கென 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005-ஆம் ஆண்டிலேயே உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டது.

கிடங்கின் வாயிலில் இத்தகைய கருவியைப் பொருத்தினால், லாரி உள்ளே நுழையும்போதே அதிலுள்ள பெட்டிகளின் எண்கள் பதிவாகிவிடும். கையடக்கக் கருவியுடன் ஊழியர் ஒருவர் அடுக்குகளுக்கு இடையே நடந்து சென்றாலே கணக்கெடுப்பு முடியும். பெட்டிகளை இறக்கி, புரட்டி, மீண்டும் அடுக்க வேண்டிய தேவை குறைகிறது. வெடிபொருளைக் கையாளும் முறைகள் குறையக் குறைய விபத்து வாய்ப்பும் குறையும் என்பது கூடுதல் பயன். தொழிற்சாலையும் ராணுவமும் ஒரே எண்ணிடும் முறையைப் பின்பற்றினால்தான் இது பலிக்கும் என்பதால், வணிகத் துறையில் பார்கோடு தர நிர்ணயத்தைக் கவனிக்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்புடன் கலந்தாலோசித்து சர்வதேச முறையில் எண்கள் வழங்கப்படுகின்றன.

பேட்டரியுடன் கூடிய பட்டைகள் இதன் அடுத்த படி. இவை நூறு மீட்டருக்கு அப்பாலும் பேசக்கூடியவை, விலையும் அதிகம். எனவே, ஒவ்வொரு பெட்டிக்கும் அல்லாமல், கன்டெய்னர், லாரி, விலை மிகுந்த உதிரி பாகம் ஆகியவற்றுக்கே பொருந்தும். மூன்றாவது படிதான் 'பொருள்களின் இணையம்' என அழைக்கப்படும் ஐஓடி சென்சார்கள். 'நான் யார்' என்பதோடு நில்லாமல், 'நான் எப்படி இருக்கிறேன்' என்பதையும் இவை சொல்லும். வெப்பநிலை, ஈரப்பதம், அதிர்வு, சாய்வு, மூடி திறக்கப்பட்டதா என்பன போன்ற விவரங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் பதிந்து, அருகிலுள்ள இணைப்புக் கருவி வழியாக மையத்துக்கு அனுப்புகின்றன.

வெப்பம் என்னும் எதிரி

'எப்படி இருக்கிறேன்' என்ற கேள்வி ராணுவக் கிடங்கில் உயிர் சார்ந்தது. துப்பாக்கித் தோட்டாவிலும் பீரங்கிக் குண்டிலும் உந்துபொருளாகப் பயன்படும் நைட்ரோ செல்லுலோஸ், தயாரான நாள் முதலே மிக மெதுவாகச் சிதையும் தன்மை கொண்டது. அப்போது வெளியாகும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் சிதைவை மேலும் தூண்டும். அவற்றை உறிஞ்சிக்கொள்ள டைஃபினைலமைன் போன்ற நிலைநிறுத்திப் பொருள் சேர்க்கப்படுகிறது. அது தீர்ந்துபோனால் உந்துபொருள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் நிலையை அடையலாம். தமிழகத்தின் நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை போன்றவற்றில் தயாராகும் உந்துபொருளுக்கும் இந்த வேதியியல் விதி பொதுவானது.

இந்தச் சிதைவின் வேகம் வெப்பநிலையைப் பொருத்தது. வெப்பம் சுமார் 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகக் கொள்ளப்படும் தோராயம். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. வெயிலில் நிற்கும் மூடிய லாரிக்குள் வெப்பம் அதைக் காட்டிலும் அதிகமாகவே இருக்கும். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட இரு பெட்டிகளில், ஒன்று குளிர்ந்த கிடங்கிலும் மற்றொன்று பாலைவனத்திலும் ஐந்து ஆண்டுகளைக் கழித்தால், காகிதத்தில் அவற்றின் வயது ஒன்றே. உண்மையில் இரண்டாவது பெட்டி வெகுவாக மூப்படைந்திருக்கும். தற்போதைய முறையில் மாதிரிகளை எடுத்து ஆய்வகத்தில் சோதித்துத்தான் இதை அறிய முடிகிறது. பெட்டி கடந்து வந்த வெப்பத்தின் வரலாறு கையில் இருந்தால், எந்தப் பெட்டியை முதலில் சோதிப்பது, எதை முதலில் பயிற்சிக்கு வழங்கித் தீர்ப்பது என முடிவு செய்யலாம். நன்றாக உள்ளவற்றைக் காலாவதி எனக் கழித்துவிடும் செலவும் மிச்சமாகும்.

கிடங்கு விபத்துகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜஸ்தானின் பரத்பூர் கிடங்கிலும், 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காஷ்மீரின் குந்த்ரு கிடங்கிலும் பெரும் தீ மூண்டது. 2016 மே 31-ஆம் தேதி புல்காவ் கிடங்கில் நேர்ந்த தீ விபத்தில் இரண்டு அதிகாரிகள் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீயை அணைக்கச் சென்றவர்களே அவர்களில் பெரும்பாலோர். பழுதான டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளில் இருந்து வெடிமருந்து கசிந்ததே விபத்துக்குக் காரணம் எனப் பின்னர் கூறப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டை ஒட்டிய முதல் சரக்கு சென்று சேர்ந்தது அதே கிடங்குக்குத்தான். பட்டை இருந்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திருக்காது எனச் சொல்ல முடியாது; கசிவை நுகரும் திறன் சாதாரணப் பட்டைக்கு இல்லை. எனினும், பழுதான தொகுதி எந்தக் கொட்டகையில், எதற்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டுள்ளது என்பதைச் சில நிமிடங்களில் அறிவதும், அடுக்கின் நடுவே வெப்பம் உயர்வதை ஆளில்லாமலே கவனிப்பதும் தொழில்நுட்ப அளவில் எட்டக்கூடியவையே.

ஆனால், வெடிபொருளுக்கு அருகே ரேடியோ அலைகளைப் பரப்புவதிலும் ஆபத்து உண்டு. மின்சாரத்தால் இயங்கும் வெடிப்பான்களின் கம்பிகள் சில சூழல்களில் ஆன்டெனா போலச் செயல்பட்டு, அலையின் ஆற்றலை ஈர்த்துக்கொள்ளக்கூடும். எனவே, படிக்கும் கருவியின் சக்தி, பெட்டிக்கும் அதற்கும் இடையிலான குறைந்தபட்ச தூரம் ஆகியவற்றுக்கு வரம்பு விதிக்க வேண்டும். கடைகளில் பயன்படும் கருவியை அப்படியே வாங்கி வந்து வெடிபொருள் கொட்டகையில் மாட்டிவிட முடியாது. உலோகமும் தொல்லை தரும். ரேடியோ அலையை உலோகம் பிரதிபலிப்பதால், இரும்புப் பெட்டியின் மீது சாதாரணப் பட்டை வேலை செய்யாது; உலோகப் பரப்புக்கென வடிவமைத்த, சற்றே தடித்த, விலை கூடிய பட்டை தேவைப்படுகிறது.

பனிமலையில் சோதனை

வெப்பத்துக்கு நேர் எதிர்முனையில் லடாக் உள்ளது. ஸ்ரீநகரையும் லேயையும் இணைக்கும் சாலையில், 11,500 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த ஜோஜிலா கணவாய் பனிக்காலத்தில் மூடப்படும். முன்பு மாதக்கணக்கில் நீடித்த இந்தத் தடை, எல்லைச் சாலைகள் அமைப்பின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் சில வாரங்களாகச் சுருங்கியுள்ளது. மணாலி வழித்தடத்தில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப் பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. இருந்தாலும், கோடையிலேயே அரிசி, மண்ணெண்ணெய், உடை, மருந்து, வெடிபொருள் என அனைத்தையும் மலைமேல் கொண்டுசென்று சேர்க்கும் 'முன்கூட்டிய குளிர்கால இருப்பு' நடைமுறை இன்றும் தொடர்கிறது. கோடையில் ஒரு பொருள் தவறான இடத்துக்குச் சென்றுவிட்டால், குளிர்காலத்தில் அதைத் திருத்த ஹெலிகாப்டர்தான் வழி.

உயர்மலைப் பகுதி வீரர்களுக்கான பனிக் காலணி, பனிக் கண்ணாடி, உணவு ஆகியவற்றில் பற்றாக்குறை இருந்ததை 2020 பிப்ரவரியில் தாக்கலான சிஏஜி அறிக்கை விவரித்தது. வீரர் ஒருவருக்கு உரிய அளவில் காலணி இல்லை என்பது தில்லியில் ஒரு சதவீதக் கணக்கு; சியாச்சினில் அது விரல்களை இழப்பது.

இத்தகைய இடத்தில் சென்சார் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் குளிர்தான். கைப்பேசிகளில் உள்ள லித்தியம்-அயன் பேட்டரி, உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரியில் தடுமாறும். சியாச்சினிலோ மைனஸ் 50 டிகிரி வரை செல்லும். அதற்கு லித்தியம்-தயோனைல் குளோரைடு போன்ற, மறுமின்னேற்றம் செய்ய இயலாத பேட்டரிகள் பொருந்தும். இவை மிகக் குறைந்த மின்சாரத்தையே சிக்கனமாகத் தர வல்லவை என்பதால், சென்சார் பெரும்பாலான நேரம் உறங்கி, மணிக்கு ஒருமுறையோ நாளுக்குச் சிலமுறையோ விழித்துப் பேசும்படி அமைக்கப்படுகிறது. திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல் ஒவ்வொரு பெட்டியும் வரைபடத்தில் ஒளிப்புள்ளியாக இடைவிடாது நகர்வதில்லை.

தொலைத்தொடர்பு அடுத்த சிக்கல். சியாச்சின் பனிமலைக்கு 2025 ஜனவரியில் 4ஜி, 5ஜி சேவை எட்டியது. ஆயினும், மலை மடிப்புகளில் உள்ள பல நிலைகளுக்கு அலைவரிசை கிட்டாது. அங்கே சென்சார் தன் பதிவுகளைச் சேமித்து வைத்து, இணைப்புக் கருவி பொருத்திய வாகனமோ ஹெலிகாப்டரோ வரும்போது ஒப்படைக்க வேண்டும். தகவல் சில நாள் பழையதாகவே மையத்தை அடையும்.

மருந்துகளில் இம்முறை ஏற்கெனவே பலன் தந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. மத்திய சுகாதார அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'ஈ-வின்' திட்டத்தில், நாடெங்கும் உள்ள தடுப்பூசிக் குளிர்பதன மையங்களில் வெப்பநிலை சென்சார்கள் பொருத்தப்பட்டு, அளவு மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை செல்கிறது. மாவட்ட அளவிலான அரசு ஊழியர்கள் அன்றாடம் இயக்கும் ஏற்பாடு அது. ராணுவத்தின் பாடநூலாக வெளிநாடுகளைத் தேடுவதற்கு முன் இதைப் பார்ப்பது பயனளிக்கும்.

40,000 கன்டெய்னர்கள்

வெளிநாட்டு அனுபவமும் இல்லாமல் இல்லை. 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்கா சுமார் 40,000 கன்டெய்னர்களை அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறது எனத் தெரியாததால் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் துறைமுகத்திலும் பாலைவனத்திலும் திறந்து பார்க்க நேர்ந்தது. அனுப்பிய பொருள் வரவில்லை எனக் கருதிய அணிகள் அதே பொருளை மீண்டும் மீண்டும் கேட்டன. குவியல் மேலும் பெருகியது. 2004-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனது விநியோகத்தில் ஆர்எஃப்ஐடி பயன்பாட்டைக் கட்டாயமாக்கும் கொள்கையை வெளியிட்டதன் பின்னணி இதுவே.

அந்நாட்டிலிருந்தே எச்சரிக்கையும் வந்தது. அமெரிக்க ராணுவ அணிகள் சில, ஆயுதக் கிடங்கில் கணக்கெடுப்பை எளிதாக்கத் துப்பாக்கிகளுக்குள் பட்டைகளைப் பொருத்தியிருந்ததை 2021-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. போர்க்களத்தில் எதிரி சக்திவாய்ந்த கருவியால் அப்பட்டைகளைத் தொலைவிலிருந்து 'கேட்டு' வீரர்களின் இருப்பிடத்தை அறியக்கூடும் என்பதே அதில் எழுந்த அச்சம். கிடங்கின் சுவருக்குள் நன்மை தரும் அதே பட்டை, சுவரைத் தாண்டியதும் காட்டிக்கொடுக்கலாம்.

தகவல் திரட்டினாலும் இதே நிலைதான். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடம், பல நாடுகளின் ராணுவ முகாம்கள் இருக்கும் இடங்களையும் அவற்றுக்குள் வீரர்கள் ஓடும் பாதைகளையும் 2018 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. எந்த ரகசியக் கோப்பும் திருடப்படவில்லை. சிதறிக் கிடந்த சாதாரணத் தகவல்கள் ஓரிடத்தில் சேர்ந்தன, அவ்வளவே. எந்தக் கிடங்கிலிருந்து எத்தனை லாரிகள் எந்தத் திசையில் செல்கின்றன என்ற பதிவு எதிரியின் கைக்குச் சென்றால், தாக்குதல் திட்டத்தைப் படிக்காமலேயே அதை ஊகித்துவிடலாம். டீசல் எங்கே குவிகிறதோ அங்கேதான் டாங்கிகள் செல்லவிருக்கின்றன. எனவே, பட்டையில் பொருளின் பெயரை எழுதாமல் பொருளற்ற எண்ணை மட்டும் பதித்து, விளக்கத்தை ராணுவத்தின் தனி வலையமைப்பில் வைப்பது முதல் தற்காப்பு.

சென்சாரின் உள்ளே இருக்கும் சில்லு எங்கே தயாரானது என்பது மற்றொரு கேள்வி. லெபனானில் 2024 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பேஜர்கள் ஒரே நேரத்தில் வெடித்த நிகழ்வு, மின்னணுக் கருவிகள் பயனரை அடையும் முன்பே மாற்றியமைக்கப்படலாம் என்பதை உலகுக்குக் காட்டியது. விநியோகத்தைக் கண்காணிக்கும் கருவியின் விநியோகத்தையே கண்காணிக்க வேண்டிய விசித்திரமான நிலை இது. விலை குறைவு என்பதற்காக வாங்கப்படும் பல்லாயிரம் சென்சார்களைத் தனித்தனியே பிரித்துச் சோதிப்பது நடைமுறையில் இயலாது; உள்நாட்டு வடிவமைப்பை வலியுறுத்துவதற்கு இதுவே வலுவான காரணம்.

இருப்பிடம் அறிவதற்கு அமெரிக்காவின் ஜிபிஎஸ்-ஐ மட்டும் நம்பாதிருக்க, இஸ்ரோவின் 'நாவிக்' செயற்கைக்கோள்கள் உள்ளன. 2023 மே 29-ஆம் தேதி ஏவப்பட்ட என்விஎஸ்-01, உள்நாட்டில் உருவான அணுக் கடிகாரத்துடன் சென்றது. ஆனால், 2025 ஜனவரி 29-ஆம் தேதி ஏவப்பட்ட என்விஎஸ்-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை அடையவில்லை. முந்தைய தலைமுறைச் செயற்கைக்கோள்கள் சிலவற்றில் கடிகாரங்கள் பழுதாகியுள்ள நிலையில், இந்த வலையமைப்பு முழு வலுப்பெறக் காலம் பிடிக்கும்.

கடைசிச் சில கிலோமீட்டர்கள்

முப்படைகளின் தளவாட வசதிகளை ஒருங்கிணைக்க, முதல் கூட்டுத் தளவாட மையம் மும்பையில் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. தரைப்படை, விமானப் படை, கடற்படை ஆகியவை ஒரே பொருளுக்கு வெவ்வேறு எண்களைப் பயன்படுத்தும் வரை, எவ்வளவு சென்சார்களை வாங்கினாலும் ஒரு படையின் உபரி மற்றொரு படையின் கண்ணுக்குத் தெரியாது. எண்களைப் பொருத்தும் இந்தப் பணி அலுப்பூட்டுவது; திறப்பு விழாவுக்கு உரியதும் அல்ல. ஆனால், மொத்தத் திட்டத்தில் கடினமான பகுதி அதுவே என்பதில் ஐயமில்லை.

அதன்பின் எஞ்சுவது சாலை முடியும் இடம். லாரியிலிருந்து இறக்கப்படும் பெட்டிகள் உடைக்கப்பட்டு, கோவேறு கழுதையின் முதுகிலும் சுமை தூக்குவோரின் தோளிலும், அண்மைக்காலமாக நான்கு கால் ரோபோக்களிலும் டிரோன்களிலும் ஏறி எல்லை நிலைகளுக்குச் செல்கின்றன. பட்டை பெட்டியின் மீதுதான் இருக்கிறது; பிரிக்கப்பட்ட தோட்டாக்களின் மீது இல்லை. அந்த இடத்தில், பெறுபவர் கையடக்கக் கருவியில் பதிந்தால் மட்டுமே கணக்கு தொடரும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும் குளிரில் அவர் அதைச் செய்வாரா என்பதைப் பொருத்தே, தில்லியில் உள்ள திரையில் தெரியும் எண்ணின் நம்பகத்தன்மை அமையும். கையுறையுடனேயே அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்கள் கொண்ட கருவிகளையே அங்கு வழங்க வேண்டியிருக்கும்.